ஆடியில் பார்த்த வீடு, ஆவணியில் அலறியது!

போன வருஷம் ஆடி மாதம் நானும் என் ரூம்மேட்டும் வீடு தேடினோம். "ஆடியில வீடு மாறாதடி" என்று ஊரிலிருந்து அம்மா போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் கேட்கவில்லை. ஆடியில் யாரும் குடி மாற மாட்டார்கள், போட்டி இருக்காது, வாடகையையும் கொஞ்சம் குறைத்துப் பேசலாம் என்பது எங்கள் கணக்கு.

கணக்கு பலித்தது. இரண்டாவது மாடி, ஒரு பெட்ரூம், தண்ணீர்ப் பிரச்னை இல்லை. பெட்ரூம் ஜன்னலுக்கு எதிரே ஏதோ ஒரு கட்டடத்தின் முதுகுப் பக்கம். எட்டிப் பார்க்க ஆள் இல்லை என்று அதற்கும் சந்தோஷப்பட்டோம். "ரொம்ப அமைதியான தெரும்மா" என்றார் ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி. அது பொய்யில்லை. தெரு அமைதியான தெருதான்.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு. ஷிஃப்ட் முடிந்து பதினொன்றரைக்கு வந்து படுத்தேன். இரண்டு மணி இருக்கும், அண்டா உருளும் சத்தம். தொடர்ந்து கடப்பாக் கல்லில் இரும்பை இழுப்பது மாதிரி ஒன்று, தேங்காய் உடைக்கும் சத்தம், யாரோ யாரையோ திட்டுவது. மூன்றரைக்கு கரன்ட் போக, ஜெனரேட்டர் ஆரம்பித்தது. நாலரைக்கு நாகஸ்வரம். ஜன்னலுக்கு எதிரே இருந்தது கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டு. அதன் வாசல் அடுத்த தெருவில். ஆடியில் கல்யாணம் கிடையாது, அதனால்தான் அத்தனை நிசப்தம்.

புரட்டாசியில் மறுபடி அமைதியானது. பழகிவிட்டோம் போல என்று நினைத்தோம். ஐப்பசி வந்தது.

"மண்டபம்னு ஏன் ஆன்ட்டி சொல்லலை?"

"நீங்க கேக்கவே இல்லையேம்மா!"

இதுதான் என்னை ரொம்ப நாள் உறுத்தியது. ஏனென்றால் அவர் கேட்டார். என்ன ஆளுங்க, அசைவம் சமைப்பீங்களா, எத்தனை மணிக்கு வருவீங்க, ஃப்ரெண்ட்ஸ் யாராவது வருவாங்களா, அப்பா என்ன செய்கிறார்... எல்லாவற்றுக்கும் கைகட்டிப் பதில் சொன்னோம். கல்யாணமாகாத இரண்டு பெண்களுக்கு இந்த ஊரில் வீடு கிடைப்பதே பெரிய விஷயம் என்பதால், திருப்பி ஒரு கேள்வி கேட்கவும் எங்களுக்குத் தோன்றவில்லை. நம்மைப் பற்றி அவர்களுக்கு எல்லாம் தெரிய வேண்டும். வீட்டைப் பற்றி நமக்கு வாடகையும் அட்வான்ஸும் தெரிந்தால் போதும்!

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். 1882-ம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டம் இன்னமும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 55-வது பிரிவு விற்பவருக்கு, 108-வது பிரிவு வாடகைக்கு விடுபவருக்கு. சொத்தில் முக்கியமான குறை இருந்து, அது அவருக்குத் தெரிந்து, நமக்குத் தெரியாமல் இருந்தால் அவர் சொல்லியாக வேண்டும். படிக்கும்போது எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. அடுத்த வரிதான் சிக்கல். சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் நம்மால் கண்டுபிடிக்க முடியாத குறையாக அது இருக்க வேண்டும். மண்டபத்தை போனில் மேப் திறந்தாலே பார்த்திருக்கலாம். 'சத்தம்' என்ற வார்த்தையும் அந்தப் பிரிவுகளில் இல்லை.

சத்தத்துக்கென்றே 2000-ல் வந்த விதிகள் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. அந்த வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் புகார் கொடுக்கலாம். 10 டெசிபல் கூடினால் நம் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும் என்பதால், 45-க்கும் 55-க்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல. நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறையில் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே சொல்லியிருக்கிறது. என் போன் ஆப் அன்றிரவு 60-க்கு மேல் காட்டியது. போன் மைக் அளவு துல்லியமானதல்ல, புகாருக்கு ஆதாரமாக நிற்காது. ஒரு வீட்டையும் இன்னொரு வீட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும், அவ்வளவுதான்.

இரவு 10-க்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால், நாலு சுவருக்குள் இருக்கும் அரங்கம், விருந்து மண்டபம் போன்றவற்றுக்கு, உள்ளே இருப்பவர்கள் கேட்கும் அளவுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அண்டா உருட்டுவது ஒலிபெருக்கியே அல்ல. சரி, 100-க்கு போன் செய்திருக்கலாம்தானே என்பீர்கள். யாரோ ஒரு பெண்ணின் கல்யாண நாள் விடியற்காலையில் போலீஸை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

ஃபிரான்ஸில் 2020 ஜூன் 1 முதல், விமான நிலையச் சத்தம் பாதிக்கும் பகுதியில் வீட்டை விற்றாலும் வாடகைக்கு விட்டாலும் அந்தத் தகவலை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். மீனம்பாக்கம், பொழிச்சலூர் பக்கம் வீடு பார்த்தவர்களிடம் யாராவது இப்படி ஒரு தாள் நீட்டியிருக்கிறார்களா? சென்னையில் தி.நகர், பெரம்பூர், கிண்டி, வேளச்சேரி என்று சில இடங்களில் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒலி அளவிடும் நிலையங்கள் இருக்கின்றன. நாம் பார்க்கப் போகும் வீட்டின் ஜன்னலுக்கு அவை பதில் சொல்லாது.

ஃபிளாட் வாங்குபவர்களுக்கு இது இன்னும் பெரிய சங்கடம். வாடகைக்காரர் காலி செய்யலாம், 20 வருஷ ஹோம் லோனை எப்படிக் காலி செய்வது? ரெரா இணையதளத்தில் அனுமதி, வரைபடம், கார்ப்பெட் ஏரியா எல்லாம் பார்க்கலாம். 'பெட்ரூமில் எவ்வளவு சத்தம் கேட்கும்' என்று ஒரு கட்டம் கிடையாது. அதனால் வரைபடத்தில் லிஃப்ட், மோட்டார் ரூம், ஜெனரேட்டர் எங்கே இருக்கின்றன, நம் கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள்.

வாடகைக்குப் பார்க்கிறவர்கள் ஞாயிறு காலையில் மட்டும் போகாதீர்கள். பட்டறைகளுக்கு அன்று லீவு, பள்ளிக்கூடமும் கிடையாது. வேலை நாளில் ஒரு தடவை, இரவு 10-க்கு மேல் ஒரு தடவை போய் ஜன்னலைத் திறந்துவைத்து பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். தெருமுனை இஸ்திரிக் கடை அண்ணனிடம் கேளுங்கள், புரோக்கர் சொல்லாததை அவர் சொல்வார். ஓனரிடம் "ராத்திரியில ஏதாவது சத்தம் வருமா?" என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேட்டு வையுங்கள். நாளைக்கு 'நீங்க கேக்கலையே' என்று யாரும் சொல்ல முடியாது.

மார்கழியில் நாங்கள் காலி செய்ய முடிவெடுத்தோம். 11 மாதம் முடியாததால் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதாகவும், மீதி அட்வான்ஸ் அடுத்த ஆள் வந்ததும்தான் என்றும் ஆன்ட்டி சொல்லிவிட்டார். கைக்குழந்தையோடு ஒரு தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். மார்கழியிலும் கல்யாணம் கிடையாதே, வீடு அவ்வளவு அமைதி! அந்த அக்கா ஜன்னல் பக்கம் நின்று, "காத்து நல்லா வருதுல்ல?" என்றார். இவர்கள் அட்வான்ஸ் கொடுத்தால் எங்கள் பணம் வந்துவிடும். ரூம்மேட் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

கீழே இறங்கும்போது படிக்கட்டில் வைத்துச் சொல்லிவிட்டேன். "அக்கா, அது மண்டபத்து சமையல்கட்டு. தை பிறந்தா ராத்திரி ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சிடுவாங்க."

அவர்கள் திரும்ப வரவில்லை. எங்கள் அட்வான்ஸ் மாசியில்தான் வந்தது, பெயின்டிங் செலவும் கழித்து.