அனுபவம் மட்டும் போதாது

இருபது வருடம் வார்டில் நின்ற நர்சுக்கு முதுகலைப் படிப்பு எதற்கு என்கிறார்கள். நோயாளியின் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று அனுபவம் சொல்லிவிடும். அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் தமனி ரத்தப் பரிசோதனை முடிவைப் படித்து, வென்டிலேட்டர் அளவை ஏன் மாற்ற வேண்டும் என்று மருத்துவரிடம் காரணத்தோடு வாதிட அது போதாது. இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு 2 ஆண்டு. பெரும்பகுதி நோயாளியின் கட்டிலருகேதான் நடக்கிறது. சேரவே மருத்துவமனை அனுபவம் வேண்டும். இதுவா அனுபவத்தை இகழும் படிப்பு? பிரிட்டனில் சிறப்புப் பயிற்சி பெற்ற நர்சுகள் 2006 முதல் பெரும்பாலான மருந்துகளைத் தாங்களே எழுதுகிறார்கள். இங்கே படித்து வந்தவரைப் பழைய வேலைக்கே அனுப்பிவிட்டுப் படிப்பு வீண் என்பது அநியாயம். அவருக்கான பதவியை உருவாக்காத நிர்வாகங்களைக் கேளுங்கள்.