கோபுரத்தில் ஏறிச் சொல்லுங்கள்!



வாளேந்தி வருபவனை வன்முறையாளன் என்கிறோம். வாசலில் நின்று வசைபாடுபவனைப் போக்கிரி என்கிறோம். ஆனால், ஓசைபடாமல் மின்பெட்டியைத் திறந்து, பியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மாடித் தொட்டிக் குழாயையும் திருகி மூடிவிட்டு, ஏதுமறியாதவர்போல் ஊஞ்சலில் சாயும் வீட்டுக்காரரை என்னவென்று அழைப்பது? அவர் கையில் ஆயுதமில்லை. நாவில் கடுஞ்சொல் இல்லை. எனினும், அந்தக் கூரையின்கீழ் தேர்வுக்குப் படிக்கும் பெண்பிள்ளை இருளில் அமர்ந்திருக்கிறாள். நோயுற்ற முதியவர் வியர்வையில் நனைகிறார். கைக்குழந்தைக்காரி குடத்தோடு தெருத்தெருவாய் அலைகிறாள். "நான் காலி செய்யச் சொல்லவில்லையே, அவர்களாகவே போகிறார்கள்" என்கிறார் கனவான்!

தண்ணீரை மறுத்து மனிதனைப் பணியவைப்பது இந்நாட்டில் பழகிப்போன கொடுமை. பொதுக் கிணறும் பொதுக் குளமும் எல்லோர்க்கும் உரியவை என்று 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. மகாத் குளத்து நீரை அள்ளிப் பருக 1927இல் அண்ணல் அம்பேத்கர் பெரும்படை திரட்ட வேண்டியிருந்தது. ஊர்க்குளத்தில் முறியடிக்கப்பட்ட ஆணவம், இன்று வாடகை வீட்டின் குழாயடியில் வந்து குந்தியிருக்கிறது.

சட்டம் ஊமையா? இல்லை, தோழர்களே. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே, தக்க காரணமின்றிக் குடியிருப்போரின் வசதிகளைத் துண்டிக்கலாகாது என்று விதித்தது. அதன் இடத்தில், 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டமும் 20ஆம் பிரிவில் அதையே ஆணையிடுகிறது. வீட்டுக்காரர் தாமாகவோ, பிறர் மூலமாகவோ இன்றியமையாப் பணிகளை நிறுத்தக் கூடாது. நீரும் மின்சாரமும் துப்புரவும் அவற்றுள் அடங்கும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்தால், விசாரணை முடியும்வரை காத்திராமல், உடனே இணைப்பைத் திரும்பக் கொடுக்க அவர் இடைக்கால ஆணையிடலாம்.

இவ்வளவு இருந்தும் ஏழை இருளில் கிடப்பது ஏன்? சட்டம் இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது, அதனால்தான்!

இங்கேதான் செட்டிநாட்டுச் சீமையின் திருக்கோஷ்டியூர் நம் நினைவுக்கு வருகிறது. நம்பியிடம் மந்திரப் பொருள் கேட்க இராமானுசர் பதினெட்டு முறை நடந்தார் என்றும், எவர்க்கும் சொல்லாதே என்ற ஆணையை மீறி, நரகமே கிடைப்பினும் தமக்கே கிடைக்கட்டும் என்று கோயிலின் உச்சியில் ஏறி ஊரறிய உரைத்தார் என்றும் வைணவ மரபு பேசுகிறது. மந்திரத்தின் பலனில் நமக்கு நம்பிக்கை உண்டா என்பது வேறு வழக்கு. பூட்டி வைத்ததைப் பொதுவாக்கிய நெஞ்சுரம் நமக்கு உடன்பாடு. இன்றைய மந்திரம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அறிந்தவர் வாய் திறப்பதில்லை. ஆகவே, நாம் திறப்போம்!

முதலாவதாக, துண்டித்தவர் யார் என்று அறியுங்கள். கட்டண நிலுவைக்காக மின் அலுவலகமே துண்டித்ததெனில், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி பதினைந்து முழு நாள் எழுத்து அறிவிப்புத் தந்திருக்க வேண்டும். தந்தார்களா என்று கேளுங்கள். வீட்டுக்காரரே கைவைத்தார் எனில், நாளையும் நேரத்தையும் குறித்து, படமெடுத்து, கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அடுத்து, வாடகையை நிறுத்தாதீர்கள். கோபத்தில் நிறுத்தும் வாடகை, எதிராளியின் கைக்கு நாமே கொடுக்கும் கத்தி. வாங்க மறுத்தால் வங்கி வழியே செலுத்தி, சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். வாய்ச்சொல் நம்பிக்கை வழக்கு மன்றப் படியேறும்போது நொண்டியாகிவிடும்.

மேலும், மின் இணைப்புக் கேட்கும் உரிமை உடைமையாளருக்கு மட்டும் உரியதன்று. குடியிருப்பவரும் கேட்கலாம் என்கிறது அதே சட்டத்தின் 43ஆம் பிரிவு. வீட்டுக்காரர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு மின்சாரம் மறுக்கலாகாது என்று 2022இல் உச்சநீதிமன்றமும் கூறிவிட்டது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையா? 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணை அழைத்தால் வழி சொல்வார்கள்.

"வீட்டுக்காரர் எல்லாரும் கொடியவரா?" என்று கேட்பீர்கள். அல்லர். ஓட்டு வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் அடுப்பெரிக்கும் கைம்பெண்ணும் வீட்டுக்காரர்தான். வாடகை பாக்கி நின்றால் அவர் துன்புறுகிறார், அதுவும் துன்பமே. அவருக்கும் அதே சட்டம் வழக்குத் தொடுத்து வீட்டை மீட்கும் வழியைத் தந்திருக்கிறது. வழக்காடட்டும், தடுக்கவில்லை. வழக்காளியே நீதிபதியாகி, தண்டனையாகத் தாகத்தை விதிப்பதைத்தான் தடுக்கிறோம்.

ஒன்றுபட்டோர் வென்ற வரலாறும் உண்டு. 1915இல், ஆடவர் போர்முனையில் நிற்க, கிளாஸ்கோ நகர வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினர். மேரி பார்பர் என்ற பெண்மணியின் பின்னே தெருத்தெருவாய்ப் பெண்கள் திரண்டனர். நவம்பர் 17 அன்று நீதிமன்றத்தின் முன் பல்லாயிரவர் குழுமினர். அந்த ஆண்டு முடியுமுன்னரே பிரிட்டிஷ் பாராளுமன்றம் வாடகையைக் கட்டுப்படுத்திச் சட்டம் செய்தது. போருக்கு அஞ்சாத அரசு, பெண்களின் அணிவகுப்புக்குச் செவிசாய்த்தது.

ஆனால் ஓர் ஓட்டையை மறைத்துப் பேசுவது நமக்கு அழகன்று. நான் சொன்ன வாடகைச் சட்டம் நகர்ப்புறங்களுக்கென்று வகுக்கப்பட்டது. காரைக்குடி மாநகராட்சியில் குடியிருப்பவர் அதன் கதவைத் தட்டலாம். ஊராட்சியான திருக்கோஷ்டியூரில் வாடகைக்கு இருப்பவர், உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்டு நெடுவழி நடக்க வேண்டும். உரிமையை ஊரறிய முழங்கிய ஊருக்கே இவ்வுரிமை எட்டவில்லை! நகரத்தானுக்கு ஒரு தாகம், நாட்டுப்புறத்தானுக்கு வேறொரு தாகமா?

எனவே கிளைத் தோழர்களே, இரண்டு வேலைகள் உங்கள்முன் நிற்கின்றன. நம் படிப்பகங்கள் ஒவ்வொன்றிலும் இவ்விதிகளை எளிய தமிழில் எழுதி ஒட்டுங்கள். மனு எழுதத் தெரிந்த ஒருவர் மாலை ஒரு மணி நேரம் அங்கே அமரட்டும். இச்சட்டத்தின் காப்பை ஊராட்சிகளுக்கும் நீட்டுக என்று கிராம சபைதோறும் தீர்மானம் நிறைவேற்றுங்கள். ஆள்பவர் எவராயினும் அது அவர் மேசைக்குப் போய்ச் சேரட்டும். அதுவரை, எந்த வீட்டில் விளக்கணைந்தது என்று கேள்விப்படுகிறீர்களோ, அந்த வீட்டு வாசலுக்கு அன்றிரவே போங்கள்!