தலைக்கு ஹெல்மெட் வந்துவிட்டது, காலுக்கு?

சைக்கிள் கேரியரில் மூட்டை கட்டி வியாபாரம் தொடங்கிய பெரியவர்கள் நமது சங்கத்தில் இன்னும் பலர் இருக்கிறார்கள். 1980இல் டி.வி.எஸ். 50 வந்த பிறகு சைக்கிள் மெல்ல மெல்ல ஓரங்கட்டப்பட்டது. இன்று மண்டியிலிருந்து சில்லறைக் கடைக்கும், கடையிலிருந்து வீடுகளுக்கும் சரக்கு போய்ச் சேருவது பெரும்பாலும் இரண்டு சக்கரத்தில்தான். அப்படிப் போகும் மொபெட்டைச் சற்று நின்று பாருங்கள். கால் வைக்க வேண்டிய இடத்தில் அரிசிச் சிப்பமோ எண்ணெய் டின்னோ உட்கார்ந்திருக்கும். ஓட்டுகிறவரின் கால்கள் இரண்டும் சரக்குக்கு வெளியே அகன்று நீட்டிக்கொண்டு போகும். அந்தக் கால்களில் இருப்பது தேய்ந்துபோன ரப்பர் செருப்பு.

ஹெல்மெட் விஷயத்தில் நமது வணிகர்கள் ஓரளவு திருந்திவிட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவும் அபராத ரசீதும் சேர்ந்து திருத்தின என்று சொன்னால் இன்னும் பொருத்தமாக இருக்கும். காலணிக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. 2019இல் திருத்தச் சட்டம் வந்து அபராதங்கள் உயர்ந்தபோது, செருப்புப் போட்டு ஓட்டினாலும் அபராதம் என்று ஒரு வதந்தி பரவியது. அப்படி விதி எதுவும் கிடையாது என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரியின் அலுவலகமே விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. போலீஸ்காரர் நிறுத்த மாட்டார் என்றதும் பேச்சும் அத்தோடு நின்றுவிட்டது.

எங்கள் கருத்து இதுதான். கடை வேலையாக வண்டி ஓட்டுகிறவருக்கு நல்ல பூட்ஸ் வாங்கிக் கொடுப்பது கடையின் செலவு. அதை அவர் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. வாங்கும்போது, சரக்கு வாங்குவதற்கு நாம் காட்டும் அக்கறையை அதற்கும் காட்ட வேண்டும்.

பாரம் ஏற்றிய வண்டி சாய்வதற்குப் பெரிய விபத்து நடக்க வேண்டியதில்லை. மழைத் தண்ணீர் தேங்கிய குழி, திருப்பத்தில் சிந்திய மணல், குறுக்கே ஓடிவரும் நாய், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். வண்டி சாயும்போது மனிதன் தன்னை அறியாமல் காலைத்தான் ஊன்றுகிறான். செருப்பு அந்த நொடியிலேயே கழன்றுவிடும். கீழே தார் ரோடு, மேலே வண்டியும் சரக்கும், நடுவில் வெறுங்கால். கணுக்கால் எலும்பு முறிந்தால் கட்டுப் பிரித்து மறுபடி மூட்டை தூக்க மாதக்கணக்கில் ஆகும். இது தவிர அன்றாடத் தொல்லைகள் வேறு: கிக்கர் திருப்பி அடிப்பது, சைலன்சர் சூடு, மழையில் நனைந்த செருப்பு பிரேக் பெடலில் வழுக்குவது.

சர்க்கரை நோய் உள்ள உறுப்பினர்கள் இதை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். நோய் முற்றியவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்துவிடுகிறது. சைலன்சர் சுட்டதும், கல் கிழித்ததும் உடனே தெரிவதில்லை. சிறிய புண் ஆறாமல் பெரிதாகிக் காலையே எடுக்கும்படி ஆன குடும்பங்களை நாம் எல்லோரும் அறிவோம். கல்லாவில் உட்காரும் முதலாளிதானே என்று இருக்க வேண்டாம். காலையில் மண்டிக்கு வண்டியில் போகிறவர் அவர்தான்.

இதைப் பற்றிப் பேசும்போது சில அன்பர்கள், "செருப்போ ஷூவோ, அது அவன் பாடு. ஆறு மாதத்தில் வேறு கடைக்குப் போகிற பையனுக்கு நாம் ஏன் வாங்க வேண்டும்?" என்று கேட்டார்கள். வேலையில் இருக்கும்போது ஏற்படும் காயத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே வருகிறது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. அப்போதும் முணுமுணுப்பு இருந்தது. நாள் முழுதும் நிற்கிறவரின் காலுக்கு ஒரு ஸ்டூல் போட்டாயிற்று. வெயிலிலும் மழையிலும் லைன் போகிறவரின் காலுக்கும் ஏதாவது செய்யத்தான் வேண்டும். ஆறு மாதத்தில் போய்விடுவான் என்பதை எங்களால் ஒரு காரணமாக ஏற்க முடியவில்லை. அந்த ஆறு மாதமும் அவன் நமது சரக்கைத்தானே சுமக்கிறான்?

இன்னொரு ஆட்சேபம் நியாயமானது. நம் ஊரில் வீட்டு வாசலில் காலணியைக் கழற்றாமல் உள்ளே போக முடியாது. அரிசிச் சிப்பத்தை அடுப்படி வரை கொண்டுபோய் இறக்க வேண்டும். பல கடைகளிலேயே உள்ளே செருப்புப் போடும் வழக்கம் இல்லை. ஒரு நாளைக்கு முப்பது வீடு ஏறி இறங்குகிறவர் முப்பது முறை கயிறு அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருக்க மாட்டார். இரண்டாம் நாளே பூட்ஸ் மூலைக்குப் போய்விடும். ஆகவே வீட்டு டெலிவரிக்குப் பக்கவாட்டில் ஜிப் வைத்த பூட்ஸே சரி. ஜிப் காலின் உட்பக்கமாக இருக்கட்டும். வெளிப்பக்கம்தான் ரோட்டில் உரசும். ஜிப்பை மூடும் பட்டையும் இருக்க வேண்டும். ஊர் ஊராக நெடுந்தூரம் லைன் போகிறவர்களுக்குக் கயிறு கட்டும் பூட்ஸ் உறுதியானது. ஆனால் கயிற்றின் நுனியை உள்ளே செருகிவிட வேண்டும். தொங்கும் கயிறு கியரிலோ கால்மிதியிலோ மாட்டிக்கொண்டால், வண்டி நிற்கும்போது காலை ஊன்ற வராது.

எதை வாங்குவது? மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே செய்த பூட்ஸில் ஈ.என். 13634 என்ற ஐரோப்பியத் தர எண் இருக்கும். உள்ளே தைத்திருக்கும் துணியில் வண்டி ஓட்டுகிறவரின் சிறு படமும், பக்கத்தில் 1 அல்லது 2 என்ற எண்களும் இருக்கும். உயரம், ரோட்டில் உராய்வதைத் தாங்குவது, வெட்டுப்படாமல் தாங்குவது, குறுக்கே நசுங்காமல் இருப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். 2 என்றால் கூடுதல் காப்பு. நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு இதுவே சிறந்தது. விலை சற்றுக் கூடுதல்தான்.

ஊருக்குள் ஓடும் வண்டிக்கு, ஆலைத் தொழிலாளர்கள் போடும் சேஃப்டி ஷூவில் கணுக்கால் மூடும் வகை கிடைக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15298 என்ற எண்ணும் பார்த்து வாங்க வேண்டும். அதன் முன்பக்கக் கவசம் 200 ஜூல் அடியைத் தாங்கும்படி சோதிக்கப்படுகிறது. 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஏறக்குறைய அது சமம். 15 கிலோ எண்ணெய் டின் கை தவறிக் காலில் விழும் கடைகளுக்கு இது எவ்வளவு உதவி என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் கணுக்காலுக்குக் கீழேயே நின்றுவிடும் தாழ்ந்த வகையை வாங்கினால் வண்டி சாயும்போது பயன் இல்லை. கவசத்தால் முனை தடிப்பாக இருப்பதால், கியர் வண்டி ஓட்டுகிறவர் கியர் லீவருக்கு அடியில் கால் நுழைகிறதா என்று வண்டியிலேயே போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

மழைக்குப் போடும் கம் பூட்ஸைச் சிலர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. கணுக்காலைப் பிடிக்காது, வேர்வையில் கால் ஊறிவிடும், விழுந்தால் செருப்பைப் போலவே கழன்றும் போகும்.

கடையில் பார்க்கும் முறை வருமாறு. ஒரு கையால் குதிகாலையும் மறு கையால் முனையையும் பிடித்து ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். எளிதாக முறுக்கிக்கொண்டால் வேண்டாம். குதிகாலின் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், அமுங்கக் கூடாது. உட்புறம் அறுத்த ஓரம் தெரிந்தால் அங்கே பாருங்கள். தோலானால் நார் நாராக இருக்கும். ரெக்சின் என்றால் துணியின் மேல் பூசிய படலம் தெரியும். ரெக்சின் நம் வெயிலில் ஒரு கோடை தாண்டினால் உரியத் தொடங்கிவிடும். கால் அளவு பார்ப்பது மாலையில் இருக்கட்டும். நாள் முழுதும் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருந்த ஷூ மாலையில் கடிக்கும். சாக்ஸோடு போட்டு, விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா, நடக்கும்போது குதிகால் தூக்காமல் நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

நம்மவர்கள் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு: தள்ளுபடியில் வரும் பழைய ஸ்டாக். பாலியூரித்தேன் அடிப்பாகம் போட்டாலும் போடாவிட்டாலும் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். சில வருடங்கள் குடோனில் கிடந்த ஜோடி பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும். போட்டு நாலு நாள் நடந்தால் அடிப்பாகம் ரொட்டித் தூளாக உதிரும். கடலோர ஊர்களில் இது இன்னும் சீக்கிரம். சேஃப்டி ஷூவில் தயாரித்த மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும். பிஸ்கட் பாக்கெட்டில் தேதி பார்க்காமல் ஸ்டாக் எடுப்போமா?

விலையைப் பொறுத்தவரை, கணுக்கால் மூடும் சாதாரண சேஃப்டி ஷூ ஒரு சிப்பம் நல்ல பொன்னி அரிசி விலையை ஒட்டித்தான் வரும். (2022இல் 25 கிலோ வரையுள்ள பைக்கு ஜி.எஸ்.டி. போட்ட பிறகு அந்தச் சிப்பம் 26 கிலோவானது வேறு கதை.) 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரையுள்ள காலணிக்கு வரி 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில் இல்லாமல் வாங்காதீர்கள். ஒரு மாதத்தில் அடிப்பாகம் பிளந்தால் கேட்பதற்கு அதுதான் ஆதாரம்.

இனி பராமரிப்பு. மளிகைக் கடைக் காலணிக்கு எதிரி உப்பும் ஈரமும். உப்பு மூட்டை இறக்கிய பிறகு ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தோலில் வெள்ளை பூத்து வெடிக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்து வந்த பூட்ஸை வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ வைத்தால் தோல் கட்டையாகிவிடும். பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்து நிழலில், காற்றோட்டத்தில் வையுங்கள். பேப்பர் ஈரமானதும் மாற்றுங்கள். பழைய பேப்பருக்கு நம்மிடம் பஞ்சமா? மழைக்காலத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும், சாக்கில் வைக்கலாம்.

எண்ணெய் பூசுவது பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் திண்டுக்கல், திருச்சிப் பக்கம் ஆவாரம் பட்டை போட்டுத் தோல் பதனிட்டார்கள். அந்தத் தோல் செருப்புக்கு விளக்கெண்ணெய் பூசிய பழக்கத்தில் சிலர் இப்போதும் பூட்ஸில் எண்ணெயை ஊற்றுகிறார்கள். இன்றைய ஷூத் தோல் பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்டது. அதற்கு வேண்டிய எண்ணெயைத் தோல் தொழிற்சாலையிலேயே ஏற்றிவிடுகிறார்கள். மேலும் ஊற்றினால் தோல் தொளதொளத்து, தூசி ஒட்டும். மாதம் ஒருமுறை மெழுகுப் பாலிஷ் போதும். கியர் உரசும் இடது காலின் மேல்புறம் முதலில் தேயும். ஓட்டை விழுவதற்கு முன்பே செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் கொடுத்து ஒரு தோல் துண்டு வைத்துத் தைத்துவிட வேண்டும். பருத்தி சாக்ஸ் மூன்று ஜோடியும் சேர்த்துக் கொடுத்தால்தான் நாற்றமும் சேற்றுப்புண்ணும் வராது. காலையில் போடுமுன் கவிழ்த்துத் தட்டிவிடுவது அவசியம். குடோனில் தேள் உண்டு.

சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கினால் விலை குறையுமே என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலும் ஷூவும் விளையும் ஊர்கள் நம் மாநிலத்திலேயே இருக்கும்போது அது நல்ல யோசனைதான். ஆனால் துவரம் பருப்பு வாங்குவதுபோல் "எட்டாம் நம்பர் ஐம்பது ஜோடி" என்று எழுதிப் போட முடியாது. ஒவ்வொருவரின் இரண்டு கால்களையும் பேப்பரில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, கடைப் பெயரும் ஓட்டுகிறவர் பெயரும் எழுதி, கியர் வண்டியா மொபெட்டா என்பதையும் குறித்து அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். முதலாளியின் காலும் அதில் இருக்கட்டும். வரைவது மாலையில், கடை சாத்துவதற்கு முன்பு.