மருத்துவர் மேடையேறட்டும்!

இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடித்து, இடுப்பு வலியோடு இ.எஸ்.ஐ. சீட்டை நீட்டும் தொழிலாளி கேட்பது தர்மமன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை! 2019 ஜூலை முதல் அவன் சம்பளத்தில் 0.75 விழுக்காடு பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 விழுக்காடு கட்டுகிறார். பணம் கொடுத்தவனை நிமிர்ந்து பாராமல், "என்ன வேலை? எத்தனை மணி நேரம் நிற்கிறாய்?" என்று கேளாமல் மருந்தெழுதினால், நோய் எங்ஙனம் தீரும்?

பரிவைக் கற்பிக்க முடியுமா என்பர் சிலர். முடியும், மேடையிலே! நாடகத்தால் நாட்டை எழுப்பிய நமக்கு இதிலென்ன வியப்பு?

பிரேசில் நாட்டு நாடகாசிரியர் அகஸ்தோ போவால். 1971இல் இராணுவ ஆட்சி அவரைச் சிறையிலிட்டு வதைத்தது. நாடு கடந்து வாழ்ந்தார். அவர் வகுத்தது 'ஒடுக்கப்பட்டோர் அரங்கு'. அநீதியொன்றை நடித்துக் காட்டுவர்; எளியவன் தோற்பான். மீண்டும் நடிப்பர். இம்முறை பார்ப்பவர் "நிறுத்து!" என்று குரல் கொடுத்து, எளியவன் இடத்தில் தாமே நின்று வேறு வழி தேடலாம். நம் கூத்தின் கட்டியங்காரன் போல ஒருவர் இருபுறமும் பேசி நடத்துவார்.

டெல்லிப் பல்கலைக்கழக மருத்துவ அறிவியல் கல்லூரியில் 2011இல் மாணவர்க்கு இப்பயிற்சி நடந்தது. நாளைய மருத்துவன் நோயாளியாக நின்று, அலட்சியச் சொல்லின் சூட்டைத் தன் உடம்பில் உணர வழி பிறந்தது. 2019இல் சேர்ந்த மாணவர் முதல், மனப்பான்மை, அறநெறி, உரையாடல் ஆகியவை எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலேயே இடம் பெற்றன. வாசல் திறந்தாயிற்று. உள்ளே நுழைவது யார்?

ஒன்றை மறக்கலாகாது. நோயாளிகள் குவிய, மருத்துவர் ஒருவரே இருப்பின், பரிவும் களைத்துப் போகும். காலியிடத்தை நிரப்பாமல் "கனிவாகப் பேசு" என்று மட்டும் சொல்வது, பசித்தவனுக்குப் பாட்டுப் பாடுவது போலாகும். ஆளும் வேண்டும், அன்பும் வேண்டும்.

சென்னை கே.கே. நகரில் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி இருக்கிறது; தொழிலாளியின் காசில் நடப்பது! அங்கே இத்தகைய அரங்கு பாடத்தின் நிலையான பகுதியாகட்டும். நோயாளி வேடத்தைத் தொழிலாளியே ஏற்கட்டும். வலியை அறிந்தவனே அதற்கு ஆசான். தொழிற்சங்கங்கள் இதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும்!