வலிக்காத காலும் எச்சரிக்கையே

ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் திருத்தலத்திற்குப் பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து வெறுங்காலோடு நடந்து வந்த பெரியவர் ஒருவரை ஒருமுறை சந்தித்தோம். தார்ச்சாலையின் வெம்மையில் இரு உள்ளங்கால்களும் கொப்புளித்திருந்தன. "கொஞ்சமும் வலிக்கவில்லை, சாமி, எல்லாம் மாதாவின் அருள்" என்று மகிழ்ந்தார். நமக்கோ அச்சமே மேலிட்டது. மருத்துவரிடம் அனுப்பினோம். நெடுநாள் கவனியாது விட்ட சர்க்கரை நோய் அவருடைய கால் நரம்புகளைக் கெடுத்திருந்தது.

மூளையிலும் தண்டுவடத்திலுமிருந்து பிரிந்து உடலெங்கும் செல்பவை புற நரம்புகள். சில உணர்வைக் கொண்டு செல்கின்றன. சில தசைகளை இயக்குகின்றன. சில வியர்வை, செரிமானம், நாடித்துடிப்பு ஆகியவற்றை நெறிப்படுத்துகின்றன. கெட்ட நரம்பிற்கேற்ப மரத்தல், எரிச்சல், வலுவின்மை, எழுந்து நிற்கையில் மயக்கம் எனக் குறிகளும் வேறுபடும். நாமோ இவையனைத்திற்கும் 'நரம்புத் தளர்ச்சி' என்று ஒரே பெயரிட்டு, ஓர் ஊசியைப் போட்டுக்கொண்டு வெங்காய வயலுக்குத் திரும்பிவிடுகின்றோம். நோயின் காரணம் உள்ளேயே தங்கிவிடுகின்றது.

இரு பாதங்களிலும் ஒருசேரத் தொடங்கி மெல்ல மேலேறும் மரப்பிற்குச் சர்க்கரை நோயே பெருங்காரணம். மதுப்பழக்கமும், பி12 உயிர்ச்சத்துக் குறைவும் அவ்வாறே செய்யும். காசநோய்க்குரிய ஐசோநியாசிட் மாத்திரையாலும் இது வரலாம். மாத்திரையைத் தாமே நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால், பி6 சத்தைச் சேர்த்துக் கொடுப்பார். பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் மட்டும் இரவில் மரத்தால், மணிக்கட்டில் ஒரு நரம்பு நெருக்குண்டிருக்கலாம். உணர்வற்ற வெளிறிய தேமல் தொழுநோயின் அடையாளம். கூட்டு மருந்தால் அது குணமாகும். கால்களில் தொடங்கிச் சில நாட்களிலேயே மேலே பரவும் தளர்ச்சி கில்லன்-பாரே நோயாக இருக்கக்கூடும். மூச்சையே அது தடுக்கவல்லது. அன்றே மருத்துவமனை சேர்க!

1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் நேரும் காயங்களாலேயே அழிகின்றன என்று எடுத்துக்காட்டினார். வலியும் இறைவனின் கொடையே என்றார் அவர்.

ஆகவே, சர்க்கரை நோயுள்ளோரே, நாள்தோறும் மாலையில் உள்ளங்கால்களைப் பாருங்கள். கண் மங்கியிருந்தால் மகனோ மருமகளோ பார்க்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருத்துவர் பாத உணர்வைச் சோதிக்கட்டும். நேர்ச்சைக்காக நடப்பவர்கள் செருப்பணிந்தே நடங்கள். அன்னை குறை கொள்ள மாட்டார்.