கத்தியில்லாமல் உள்ளே பார்க்க முடியாதா?

"நுணுக்கி நுணுக்கிப் பார்க்கிற மைக்ராஸ்கோப் எல்லாம் வந்துடுச்சே... இன்னும் எதுக்கு பயாப்ஸின்னு சதையை வெட்டறாங்க?" உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிக் கேட்டிருப்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், இதையே சாக்காக வைத்து கட்டியைக் காட்டாமல் நாள் கடத்தினால்... அதுதான் ஆபத்து!

ஒளியை வைத்துப் பார்க்கும்போது, சுமார் 200 நானோமீட்டருக்கும் நெருக்கமான இரண்டு புள்ளிகள் ஒன்றாகக் கலந்துதான் தெரியும். ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஆப்பே 1873-ல் சொன்ன எல்லை இது. நம் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய நானூறில் ஒரு பங்கு! இந்த வேலியைத் தாண்டிக் காட்டியதற்காகத்தான் எரிக் பெட்சிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் மூவருக்கும் 2014-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, அப்புறம் என்ன தடை? ஆழம்!

கரண்ட் போன ராத்திரியில் டார்ச்சை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்திருக்கிறீர்களா? கை சிவப்பாக ஒளிரும். ஆனால், எலும்பு தெரியாது. சதைக்குள் போன வெளிச்சம் நாலா பக்கமும் சிதறிவிடுகிறது. மைக்ராஸ்கோப்புக்கும் இதே கதிதான். 2012-ல் ஹெல் குழுவினர் உயிருள்ள எலியின் மூளையை 70 நானோமீட்டருக்கும் குறைவான நுணுக்கத்தில் படம் பிடித்தார்கள். பெரிய சாதனைதான். ஆனால், எட்டிய ஆழம் 10 முதல் 15 மைக்ரோமீட்டர். ஒரு தாளின் தடிமனில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு, அவ்வளவே!

ஆழத்தைக் கூட்ட வழி தேடுகிறார்கள். காற்றால் கலங்கும் நட்சத்திர பிம்பத்தை, கண்ணாடியை வளைத்து நெளித்துச் சரிசெய்வார்கள் வானியல்காரர்கள். அதே உத்தி மைக்ராஸ்கோப்புக்கும் வந்துவிட்டது. குறைவாகச் சிதறும் அகச்சிவப்பு ஒளியும் கைகொடுக்கிறது. உடனே மருந்தாகாத ஆராய்ச்சிதான். ஆனாலும் இதற்குச் செலவிடும் பணம் வீண் இல்லை என்பேன். உயிருள்ள மூளையில் நரம்புகள் எப்படி இணைகின்றன என்பதை நேரில் பார்க்காமல், மறதி நோய்களை எப்படிப் புரிந்துகொள்வது?

ஆனால், ஒன்றை மறக்காதீர்கள். புற்றுநோயா, இல்லையா என்று சொல்ல நானோ நுணுக்கம் அவசியமே இல்லை. மெல்லிய சீவலாகச் சீவி, சாயம் ஏற்றினால் சாதாரண மைக்ராஸ்கோப்பே பெரும்பாலும் போதும். அந்தச் சீவலுக்குத்தான் பயாப்ஸி! 'ஊசி பட்டால் பரவிடும்' என்ற பயமும் வேண்டாம். அப்படி நடப்பது மிக அபூர்வம்.

விஞ்ஞானம் பொறுமையாக வரட்டும். டாக்டர் பயாப்ஸி எழுதித் தந்தால், நீங்கள் பொறுமை காட்டாதீர்கள்!