வெயிலைச் சேமிக்கும் பரல்

சில மாதங்களுக்கு முன்னர் இடம்பெயர்ந்தோர் குடியிருப்பு ஒன்றில், பிள்ளை பெற்று இரண்டு கிழமையான தாய் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். பிற்பகல் இரண்டு மணி. முற்றத்தில் கால் வைக்க முடியாத வெயில். கொட்டிலுக்குள்ளே அவருடைய தாயார் மூன்று கல்லின் மேல் பானையை ஏற்றிவைத்து ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தார். மகளும் பேரப்பிள்ளையும் குளிப்பதற்குச் சுடுதண்ணீர். கொட்டில் முழுவதும் புகை. "விறகு எங்கையிருந்து அம்மா?" என்று கேட்டேன். "காட்டுப் பக்கம் போகப் பயம் பாதர். இது காசு குடுத்து வாங்கின கட்டு" என்றார்.

வெளியே வெயில் கொளுத்துகின்றது. உள்ளே தண்ணீரை வெதுவெதுப்பாக்கக் காசு எரிகின்றது. 2022இல் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கிடைக்காமற் போனபோது நகரத்தவர்கள்கூட விறகுக்கு அலைந்தார்கள். எம்மவர்களுக்கோ அது புதிய அனுபவமல்ல. ஆகவேதான் இம்முறை சுடுதண்ணீரைப் பற்றி எழுதுகின்றேன்.

சூரிய வெப்பம் என்றதும் கூரையில் மினுங்கும் தகடுகளும் குழாய்களுமே எங்கள் நினைவுக்கு வருகின்றன. வெயிலைப் பிடிப்பது பெரிய வித்தையல்ல. பிடித்ததை இரவு வரை வைத்திருப்பதே வித்தை. அமெரிக்காவில் முன்னர் கமக்காரர்கள் தண்ணீர்த் தாங்கிக்குக் கறுப்பு மை பூசி வெயிலில் வைத்தார்கள். பின்னேரம் தண்ணீர் சுடும். பொழுது சாய ஆறிவிடும். 1891இல் பால்ற்றிமோர் நகரத்து கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் அந்தத் தாங்கியைக் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வைத்து விற்கத் தொடங்கினார். சூடு கூடியது; ஆனால் இரவில் அதுவும் ஆறியது. 1909இல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி என்பவர் வெயில் பிடிக்கும் பகுதியை வேறாகவும், தாங்கியை வேறாகவும் வைத்து, தாங்கிக்குச் சூடு போகாதபடி உறை போட்டார். மறுநாள் காலையிலும் தண்ணீர் சுட்டது. கெம்பின் பெட்டியை வாங்க ஆளில்லாமற் போயிற்று. வென்றது கண்ணாடியல்ல, உறை.

குளிர் நாடுகளில் இதே வழியில் வீட்டையும் சூடாக்க முயன்றார்கள். 1939இல் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தார் ஒரு சிறிய வீட்டின் நிலவறையில் 60,000 லீற்றருக்கு மேற்பட்ட தாங்கியை வைத்து, கோடை வெயிலை மாரிக்குச் சேமித்துக் காட்டினார்கள். காரியம் நடந்தது, செலவுதான் கட்டுப்படியாகவில்லை. எங்களுக்கு அந்தத் தேவை இல்லை. 1977இலும் அதன் பின்னரும் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்களுக்கு நுவரெலியாக் குளிர் ஞாபகம் இருக்கும். மற்றவர்களுக்கு வீட்டைச் சூடாக்குவது என்றால் சிரிப்புத்தான் வரும். எங்களுக்கு வேண்டியது மாலையில் இரண்டு மூன்று வாளி சுடுதண்ணீர்.

அதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டுமா? நான் அறிந்த ஓரிடத்தில் உதவி நிறுவனம் ஒன்று பொதுக் கட்டடத்திற்குக் கண்ணாடிக் குழாய் வைத்த கருவியைப் பொருத்திக் கொடுத்தது. திறப்பு விழாவும் நடந்தது. சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று எவரும் யோசிக்கவில்லை. எங்கள் கேத்தலுக்குள் படியும் வெள்ளைப் படிவு குழாய்களுக்குள்ளும் படிந்து அடைத்துக்கொண்டது. இப்போது அது கூரையில் சும்மா கிடக்கின்றது. அதோடு, 100 லீற்றர் தண்ணீரின் நிறை 100 கிலோ. கிடுகுக் கூரையோ தகரக் கூரையோ அதைத் தாங்காது. பிறர் காணியில் இருப்பவர் நிலையாக எதையும் பொருத்தவும் முடியாது. நாளை எழும்பு என்றால் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

மீன் வியாபாரிகள் ஐஸ் கட்டியை உமிக்குள்ளும் மரத்தூளுக்குள்ளும் புதைத்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சூட்டை உள்ளே விடாத உமி, உள்சூட்டையும் வெளியே விடாது. 60 லீற்றர் அளவான இரும்புப் பரல் ஒன்றை எடுத்து வெளிப்புறம் மினுக்கமில்லாத கறுப்பு மை பூசுங்கள். பலகைப் பெட்டிக்குள் அதைப் படுக்க வையுங்கள். பெட்டியின் அடியிலும் நான்கு பக்கமும் நான்கு விரற்கடை தடிப்பில் காய்ந்த உமியை இறுக்கி, உட்புறம் தகரம் அடியுங்கள். மேலே கண்ணாடி. பெட்டி தெற்கு நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்கட்டும். குளிர்ந்த தண்ணீர் அடியால் உள்ளே போகவும், சூடானது மேலால் வெளியே வரவும் குழாய் வையுங்கள்; சூடான தண்ணீர் எப்போதும் மேலேதான் நிற்கும். வெயில் தாழ்ந்தவுடன் கண்ணாடிக்கு மேல் உமி நிரப்பிய சாக்கைப் போட்டு மூடுங்கள். இதை மறந்தால் கெம்பின் பெட்டிக்கு நடந்ததே உங்களுக்கும் நடக்கும். சாக்குப் போடும் வேலையைப் பொறுப்பான பிள்ளை ஒன்றிடம் கொடுத்துவிடுவது நல்லது.

ஒரு சதுர மீற்றர் கண்ணாடி இருந்தால், நல்ல வெயில் நாளில் 60 லீற்றரை ஏறக்குறைய 25 பாகை கூட்டலாம். 28 பாகையில் இருந்த கிணற்றுத் தண்ணீர் 50ஐத் தாண்டும். அந்தச் சூட்டை மூன்று கல் அடுப்பில் பெறுவதற்கு 3 கிலோவுக்கு மேல் காய்ந்த விறகு வேண்டும். ஒரு குடும்பத்துக்கு மாதத்தில் இருபது வெயில் நாள் என்றாலும் 60 கிலோ.

குறைகளையும் சொல்லவேண்டும். சுடுதண்ணீர் மிகவும் தேவைப்படும் கார்த்திகை, மார்கழியில்தான் வானம் மூடிக்கிடக்கும். அப்போது பரல் வெதுவெதுப்புக்கு மேல் போகாது. மிச்சச் சூட்டுக்கு அடுப்புத்தான். குடிதண்ணீருக்கு இதை நம்ப வேண்டாம். அதைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். கிருமிநாசினியோ களைநாசினியோ இருந்த பரலை எவ்வளவு கழுவினாலும் பாவிக்கவே கூடாது. மலிவாகக் கிடைக்கின்றது என்று யாராவது கொண்டுவருவார்கள், திருப்பி அனுப்பிவிடுங்கள். பரலை இறுக்கி அடைக்காமல் ஆவி போக ஒரு துளை விடுங்கள். சாதாரண பிவிசி குழாய் 60 பாகைக்கு மேல் இளகும். சூடான பக்கத்துக்கு இரும்புக் குழாயே நல்லது. குழந்தையின் மேல் ஊற்றுமுன் முழங்கையால் சூடு பாருங்கள்.

பலகையும் உமியும் எங்களிடமே உண்டு. பரலும் தேடினால் கிடைக்கும். கையைக் கடிப்பது கண்ணாடி ஒன்றுதான். ஆயத்தக் கருவி ஒன்றுக்குச் செலவிடும் பணத்தில் உதவி நிறுவனங்கள் பல குடும்பங்களுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுக்கலாம். கேட்டு வருபவர்களிடம் நீங்களும் அதையே கேளுங்கள். பெட்டி செய்யும்போது இரண்டு பக்கமும் கைப்பிடி அடிக்கச் சொல்லுங்கள். சொந்தக் காணிக்குத் திரும்பும் நாளில் தண்ணீரைத் திறந்துவிட்டு, உமியைக் கொட்டிவிட்டு, இரண்டு பேராகத் தூக்கி லான்ட்மாஸ்ரரில் ஏற்றிவிடலாம்.